குடகுக்கு மூணு மாசம் காப்பிப் பழம் பறிக்கப் போகலாமா? அட்வான்ஸ் வாங்கலாமா? (ஏற்காட்டிலிருந்து)

நாகலூர்_மலைவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு 29 வயசு. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு மலைக்கிராமம். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் கூலிக்குப் போய்த்தான் எங்களை வளர்த்தாங்க. நான் பத்தாவது முடிச்சதும் திருப்பூர் போயிட்டேன். பனியன் கம்பெனியில செக்கிங், அயர்னிங்னு பல வருஷம். போன வருஷம் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு, குடும்பத்தோட ஊருக்கே வந்துட்டேன்.

வந்த நேரம் காப்பி சீசன். நானும் என் சம்சாரமும் நவம்பர் கடைசியில ஆரம்பிச்சு ஜனவரி வரைக்கும் பழம் பறிச்சோம். அவளுக்கு நாள் கூலி 400, எனக்கு 500. நடுவுல ஃபெஞ்சல் புயல் மழை வந்து மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு, ஒரு வாரம் யாரும் தோட்டத்துக்குள்ள போகல. பழுத்ததெல்லாம் கொட்டிக் கிடந்துச்சு. அதைக் கூட்டிப் பொறுக்கவும் நாங்கதான் போனோம். அப்புறம் மிளகு. சின்ன வயசுல அப்பாகூட ஏணி பிடிச்ச பழக்கம் இருந்ததால ஏறிட்டேன். ஒரு நாளைக்கு 800 கொடுத்தாங்க. மார்ச் வரைக்கும் கையில காசு இருந்துச்சுங்க. திருப்பூர்ல வாடகை, மளிகை போக மிச்சம் பிடிச்சதைவிட அந்த நாலு மாசத்துல அதிகமாவே நின்னுச்சு.

ஏப்ரல்ல இருந்துதான் திண்டாட்டம். வாரத்துல ரெண்டு நாள் களை வெட்டு கிடைச்சா பெரிசு. 100 நாள் வேலைக்கு 2025ல 336 ரூபாய்னு சொன்னாங்க, ஆனா வேலையும் தொடர்ந்து வரல, வந்த வேலைக்குக் காசும் லேட்டா ஏறுது.

இப்ப பக்கத்து ஊர்ல தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கற மேஸ்திரி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். ஜனவரி நடுவுல வேன்ல குடகு கூட்டிட்டுப் போறாராம். ரோபஸ்டா வகைக் காப்பிப் பழம், மார்ச் கடைசி வரைக்கும் வேலை. தங்கறதுக்கு எஸ்டேட் லைன் வீடு (வரிசை வீடு), வாடகை இல்ல. கிலோவுக்கு 5 ரூபாய். எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து 40,000 அட்வான்ஸ் இப்பவே தரேங்கிறார். அப்பா மருந்துக்கடை பாக்கி, மகளிர் குழு லோன் ரெண்டுக்கும் அந்தக் காசு சரியா இருக்கும். பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. அவளை அம்மாகிட்ட விட்டுட்டுப் போகணும்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும்ங்க. ஒண்ணு, அட்வான்ஸ் வாங்கலாமா. இன்னொண்ணு, இந்த அறுவடை வேலைய நம்பி மலையிலேயே இருந்துடலாமா. கீழ நெல்லு அறுக்க மெஷின் வந்து ஆளே வேண்டாம்னு ஆன மாதிரி காப்பிக்கும் வந்துடுமா? வடக்க இருந்து ஆளுங்க வர்றாங்க, அவங்க வந்தா எங்களுக்கு இருக்குமா? திருப்பூர்ல பழைய சூப்பர்வைசர் இன்னும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்கார். தீபாவளிக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும். பழக்கப்பட்டவங்க சொல்லுங்க.

---

பழம்பறிக்கிறவ எழுதியது:

தம்பி, நான் சொல்லச் சொல்ல என் மக போன்ல அடிக்கிறா. எனக்கு 51 வயசு. பன்னெண்டு வயசுல எங்கம்மா மடிச்சாக்கைக் கட்டிவிட்டு செடிக்கு முன்னால நிறுத்துனா. இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கேன்.

அட்வான்ஸ் வாங்காத சாமி. மொதல்ல இதைச் சொல்லிடறேன், மத்ததை அப்புறம் பேசலாம்.

எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப ஒரு வருஷம் நாங்களும் குடகு போனோம். பெரிய மகளுக்குச் சடங்கு வெச்ச கடன். மேஸ்திரிகிட்ட 12,000 வாங்கினோம். அப்ப அது பெரிய காசு. எந்தத் தோட்டம்னு சொல்ல வேண்டாம். போன அன்னைக்கே அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்புன்னு மேஸ்திரி ஆள் கொண்டாந்து வெச்சான். நல்ல மனுசன்னு நினைச்சேன். எல்லாம் அவன் நோட்டுல ஏறுதுன்னு மூணாவது வாரந்தான் தெரிஞ்சுது.

சாயந்தரம் நாலு மணிக்கு எடை போடுவாங்க. மரக்கிளையில தராசு தொங்கும். மூட்டையை மாட்டினா முள்ளு ஆடும், ஆடி நிக்கறதுக்குள்ள கணக்கெழுதற ரைட்டர் ஒரு எண் சொல்லிடுவார். சாக்கு எடை, பனி ஈரம், இலை தழைன்னு மூட்டைக்கு 3 கிலோ கழிச்சாங்க. எனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு நாலு மூட்டை. அப்ப 12 கிலோ போச்சு. எழுபது நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாரு. அவருக்கு நடுவுல காய்ச்சல் வந்து ஒம்பது நாள் படுத்துட்டார். அதுக்கும் சாப்பாட்டுக் கணக்கு ஏறுச்சு. கடைசியில வேன்ல ஏறும்போது கையில குடுத்தது 1,800 ரூபாய். இன்னும் பாக்கி இருக்கு, அடுத்த வருஷமும் வந்துடுங்கன்னு வேற சொன்னான்.

நாங்க போகல. அவன் வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்தினான். எங்க ஊர்க்கவுண்டர் பேசித்தான் அனுப்பினார்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. சின்னவ பள்ளிக்கூட நோட்டுல மிச்சப் பக்கத்தைத் தெச்சு வெச்சுக்கிட்டு தேதி, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, எவ்வளவு கழிச்சாங்கன்னு அன்னன்னைக்கே எழுத வெப்பேன். எனக்கு எழுதத் தெரியாது. மூட்டைக்கு ஒரு கோடு போடத் தெரியும். அந்தக் கோட்டை ரைட்டர் முன்னாடியே போடுவேன். கோடு போட ஆரம்பிச்ச பொறவு 3 கிலோ கழிச்ச இடத்துல ஒண்ணுதான் கழிச்சாங்க. ஒருத்தரும் சண்டைக்கு வரல.

வேலை இருக்குமான்னு கேட்டியே. நல்லாப் பறிக்கறவளுக்கு இருக்கும். இப்ப புதுசா வர்ற பிள்ளைங்க கொத்தா உருவிடறாங்க. பச்சைக்காய், பழம், இலை எல்லாம் மடியில விழுது. பழத்தை ரெண்டு விரலால பிடிச்சு லேசாத் திருகணும். காம்பு செடியிலேயே நிக்கணும். கணு உரியக் கூடாது. கணுவை உரிச்சுட்டா செடி கெட்டுடும். எங்கம்மா என் கையில அடிச்சே இதைச் சொல்லிக் குடுத்தா. தோட்டக்காரங்களுக்கு இது தெரியும். யார் பறிச்ச வரிசைன்னு மாசி பங்குனியில பூ வரும்போது பார்த்தே சொல்லிடுவாங்க. என்னைய நவம்பர் பொறக்கறதுக்கு முன்னாடியே மூணு பேர் கூப்பிடுவாங்க, பாத்துக்க.

ஒரு சங்கதி. கிலோ கணக்கு வந்தா பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் ஒரே காசு. நாள் கூலியில உன் சம்சாரத்துக்கு 400, உனக்கு 500. வெரசாப் பறிக்கறது யாரு, நீயா அவளா? அவகிட்டக் கேட்டுட்டு வந்து எழுது.

---

நாலு_ஏக்கர் எழுதியது:

தம்பி, நான் வாழவந்தியில் நாலு ஏக்கர் காப்பியும் சில்வர் ஓக்கில் மிளகும் வைத்திருக்கிறேன். கூலி கொடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

மெஷின் பயம் உங்களுக்கு வேண்டாம். பிரேசிலில் சமவெளியில் வெயிலில் வரிசையாக நட்டு மெஷினை விட்டு உலுக்குகிறார்கள். இங்கே சரிவு, பாறை, நடுவில் பலா, ஆரஞ்சு, சில்வர் ஓக் என்று நிழல் மரங்கள். மெஷின் எங்கே போகும்? அதோடு நம் மலையில் இருப்பது அராபிகா வகைக் காப்பி. எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும், பழுத்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து கைதான் பறிக்கிறது. கையில் மாட்டி உலுக்குகிற பேட்டரிக் கருவிகள் வந்திருக்கின்றன. என் தோட்டத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பச்சைக்காய் பாதி. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விலையும் நன்றாக ஏறியது. பிரேசிலில் வறட்சி வந்த பிறகு 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் காப்பி நாங்கள் பார்த்தே இராத உயரத்துக்குப் போனது. ஆனால் இந்த விலையை நம்பி யாரும் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளக் கூடாது. செலவுக்கே கட்டாத விலைக்கு மூட்டையைப் போட்டுவிட்டு வந்த வருடங்களும் எனக்கு இருக்கின்றன.

எங்களுக்கு உண்மையான கஷ்டம் ஆள்தான். போன டிசம்பரில் பழம் கறுத்துச் செடியிலேயே காய்ந்தது. நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். இளவட்டம் எல்லாம் திருப்பூர், பெங்களூரு, இல்லையென்றால் கேரளாவுக்கு மிளகு பறிக்க. வடக்கிலிருந்து வருகிறவர்கள் பெரிய எஸ்டேட்டுக்குப் போகிறார்கள். பத்துப் பேர், இருபது பேர் என்று சேர்ந்துதான் வருவார்கள். தங்க இடம் கொடுக்க என்னால் முடியாது. என் மாதிரி சின்னத் தோட்டக்காரனுக்கு உள்ளூர் ஆள்தான் கதி.

உங்கள் சிக்கல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பழம் முடிந்ததும் கவாத்து. பிறகு தேவையில்லாமல் வரும் துளிர்களைக் கிள்ளுவது. மழைக்கு முன்னால் நிழல் மரம் கழிப்பது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி பிடித்த செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்குவது. தண்டில் வளையம் வளையமாக மேடு தெரியும். தெரியாதவன் பத்துச் செடியைத் தாண்டிப் போவான், தெரிந்தவன் தூரத்திலிருந்தே இலை மஞ்சளாவதைப் பார்த்து நிற்பான். அந்தப் பூச்சி வெளியே பறக்கிற ஏப்ரல், மே மாதத்துக்கு முன்பே பட்டையைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இந்த வேலை சுத்தமாகத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் ஆறு பேர்கூட இல்லை, அவர்களுக்கும் அறுபது வயதாகிறது. ஏற்காட்டிலேயே காப்பி வாரிய ஆபீஸ் இருக்கிறது, போய்ப் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் கற்றுக்கொண்டு நாலைந்து சின்னத் தோட்டங்களைச் சேர்த்துப் பிடித்தால் மாதத்தில் பதினைந்து நாளாவது ஓடும். நான் ஒருவன் தயார்.

மிளகு ஏறுகிறீர்கள் என்றீர்கள். ஏணியை அடியில் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். பனி விழுந்த காலையில் மூங்கில் கணு வழுக்கும். பத்து மணிக்கு மேல் ஏறினால் போதும், தோட்டக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

---

வாழப்பாடி_கிழங்கு எழுதியது:

தம்பி, கீழ்நாட்டுக்காரன் நான். வாழப்பாடி. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கற செட்டுல 14 வருஷமா இருக்கேன். நாங்க 11 பேர்.

நெல்லு மெஷின் பத்திச் சொன்னீங்க. நெசந்தான். தலைவாசல், ஆத்தூர் பக்கம் எங்கம்மா செட்டு நாப்பது பேரு அறுப்புக்குப் போன காடு, இப்ப மெஷின் ஒரு காலையில முடிச்சுட்டுப் போயிடுது. அந்த நாப்பது பேர்ல யாரும் இப்ப அரிவாள் தொடறது இல்ல. ஆனா கிழங்குக்கு இன்னும் ஆள்தான். எங்களுக்குக் கூலி டன் கணக்கு. பிடுங்கி, குச்சி வெட்டி, மூட்டை பிடிச்சு லாரியில ஏத்தணும். தை மாசி பங்குனி நல்ல ஓட்டம். ஜவ்வரிசி மில்லு கிழங்கு கேட்டா வேலை, விலை விழுந்தா காட்டுக்காரர் பிடுங்காமலே விட்டுடுவார். 2020க்கு மேல மாவுப்பூச்சி வந்ததுல கொஞ்சப் பேர் கிழங்கையே விட்டு மக்காச்சோளத்துக்குப் போயிட்டாங்க. சேகோசர்வ்ங்கற ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கத்து ஏலத்துல மூட்டை என்ன விலைக்குப் போச்சுன்னு எங்க செட்டுல எல்லாரும் தினம் விசாரிப்போம். எங்க வாரச் சம்பளம் அதுலதான் இருக்கு.

உங்களுக்கு நான் சொல்றது பாக்கு. மிளகு ஏறுற கால் உங்களுக்கு இருக்கு. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கமெல்லாம் பாக்குத் தோப்புதான். தளைக்கயிறு போட்டு ஏறி, உச்சியில இருந்தே அடுத்த மரத்தை வளைச்சுத் தாவுற ஆளுங்க எங்க பக்கம் வயசாகி நின்னுட்டாங்க. இளசுங்க வரல. மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. பயம் இருக்கு, பொய் சொல்லல, என் மச்சான் விழுந்து இடுப்பு போய் ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தார். அவரை நினைச்சா இதை எழுதவே கை கூசுது. ஆனா நீங்க வேலை எங்க இருக்குன்னு கேட்டீங்க, இங்க இருக்கு. குப்பனூர் ரோட்டுல இறங்கினா எங்க ஊர் ரொம்பத் தூரமில்ல. பொண்ணை விட்டுட்டு மூணு மாசம் போகவேண்டாம், சாயந்தரம் வீட்டுக்குப் போயிடலாம்.

சித்திரை வைகாசியில மாங்கா. அயோத்தியாப்பட்டணம் பக்கம் மல்கோவா, பங்கனப்பள்ளி பறிக்க ஆள் கேட்பாங்க. வலைத்தொரட்டி பிடிக்கத் தெரிஞ்சா போதும்.

---

சேலம்_சங்கத்துக்காரன் எழுதியது:

தோழர், நான் சேலத்தில் அமைப்புசாராத் தொழிலாளர்களோடு பல வருடம் வேலை செய்தவன். மேலே அம்மா சொன்னதைத் தினமும் பார்த்தவன்.

அட்வான்ஸ் கொடுத்தவர், அதைக் காட்டி உங்களைப் போகவிடாமல் வேலை வாங்கினால் அது 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். "கடன் தீரும்வரை வரணும்" என்பது சட்டத்தில் செல்லாது. இதை மேஸ்திரியிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போவதென்றே முடிவானால், எந்த ஊர், எந்தத் தோட்டம், முதலாளி யார், கிலோவுக்கு எஸ்டேட் கொடுப்பது எவ்வளவு, அதில் மேஸ்திரிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டார். அப்படியென்றால் போனில் குரல் பதிவாகவாவது இருக்கட்டும். இடத்தின் பெயரே சொல்லாமல் கூட்டிப்போகிற ஏஜென்ட்டை நம்பாதீர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் நம் தமிழ்நாட்டுக் கூலி ஆட்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலை என்று நம்மைப் போன்ற மலைகளிலிருந்து போனவர்கள் அதில் அதிகம். வீட்டில் சொல்லாமல், என்ன வேலை என்று தெரியாமல் யாரும் எங்கும் போகக் கூடாது. இதை நான் ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ரேஷன் கார்டு முன்னுரிமைக் கார்டாக இருந்தால் கர்நாடகத்திலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். மேஸ்திரி நோட்டில் அரிசிக் கணக்கு ஏற வேண்டியதில்லை. இஷ்ரம் என்ற அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு இரண்டு பேருக்கும் இருக்கிறதா? இல்லையென்றால் இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். பேங்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு கட்டாயம் போடுங்கள். மரம் ஏறுகிறவர் நீங்கள். இறந்தால் 2 லட்சம், நிரந்தரமாகப் பாதி ஊனமானால் 1 லட்சம். கொஞ்சம்தான், ஆனால் அதுகூட இல்லாமல் நிற்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பொண்ணு அரசுப் பள்ளியா? காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். பாட்டிக்குப் பாரம் கொஞ்சம் குறையும். ஆனாலும் ரெண்டாவது படிக்கிற பிள்ளை. நீங்களே யோசியுங்கள்.

---

நாகலூர்_மலைவாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ராத்திரி என் சம்சாரத்துக்கு ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டினேன்.

அக்கா கேட்டதுக்குப் பதில்: அவதான் வெரசாப் பறிப்பா. நான் 45 கிலோ பறிச்ச அன்னைக்கு அவ 60. கூலி வாங்கும்போது எனக்கு 500, அவளுக்கு 400. போன வருஷம் அதைப் பத்தி நான் யோசிச்சதே இல்லைங்க. படிச்சு முடிச்சதும் அவ ஒண்ணும் பேசல, எழுந்து போய் அடுப்பைப் பார்த்தா. அப்புறம் வந்து "இந்த வருஷம் கிலோ கணக்கு பேசு"ன்னு மட்டும் சொன்னா.

மேஸ்திரிக்குப் போன் பண்ணினேன். அட்வான்ஸ் வேண்டாம், வேன்ல இடம் மட்டும் குடுங்க, எஸ்டேட் பேரு சொல்லுங்கன்னு கேட்டேன். பேரு அங்க போய்த்தான் தெரியும்னார். அட்வான்ஸ் இல்லாம ஆள் எடுக்கற வழக்கம் இல்லைன்னும் சொல்லி வெச்சுட்டார். சரின்னு விட்டுட்டேன். மருந்துக்கடைக்காரர்கிட்ட மாசம் 2,000 தரேன்னு பேசியிருக்கேன். குழு லோன் தவணைக்கு இன்னும் வழி தெரியல. அது மனசுல உறுத்திட்டேதான் இருக்கு.

நாலு ஏக்கர் ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை வாழவந்தி வரேன். நாங்க ரெண்டு பேரும் வரோம். கிலோ கணக்குக்கு ஒத்துப்பீங்களான்னு நேர்ல பேசிக்கலாம். கவாத்து, தண்டு தேய்க்கறது ரெண்டும் கத்துக்கணும். வாழப்பாடி அண்ணா, பாக்கு ஏற வீட்டுல சம்மதிக்கல. உங்க மச்சானைப் பத்திப் படிச்சதும் அம்மா அழுதுட்டாங்க. மாங்கா சீசனுக்குக் கூப்பிடுங்க, கண்டிப்பா வரேன். பேங்குக்கு நாளைக்கே போறேன்.

பொண்ணோட பழைய கணக்கு நோட்டுல மிச்சம் 30 பக்கம் இருந்துச்சு. கிழிச்சு ஊசி நூல்ல தெச்சு வெச்சிருக்கேன். அக்கா, ஒரு சந்தேகம். ஈரச் சாக்குக்கு நியாயமா எவ்வளவு கழிக்கலாம்?

---

பழம்பறிக்கிறவ எழுதியது:

மொத நாளே வெறும் சாக்கைத் தராசுல மாட்டிப் பாரு சாமி, எல்லாரும் பார்க்கற மாதிரி. காய்ஞ்ச சாக்கு ஒரு கிலோகூட வராது. நனைஞ்சா ஒண்ணரை வரும். பழத்து மேல நிக்கற பனிக்கு ரைட்டர் இன்னும் அரைக் கிலோ கேட்டா குடு. அதுக்கு மேல கேட்டா மூட்டையை இறக்கச் சொல்லி நீயே மறுபடி மாட்டு, முள்ளு நிக்கற வரைக்கும் கையை எடுத்துட்டு நில்லு. உன் சம்சாரத்தையும் பக்கத்துல நிக்க வை. கோட்டை அவ போடட்டும்.